டீச்சரிடம் கேளுங்கள்: 555 நோட்டில் இருக்கும் பெயர்கள்

இந்த மாதம் மூன்று கடிதங்களுக்கு மட்டும்தான் பதில் எழுத முடிந்தது. மூன்றுமே பாட்டிமார்களைப் பற்றியவை. முதல் கடிதத்துக்கே பாதிக்கு மேல் இடம் போய்விட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் டீச்சர். எனக்கு வயது 34. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, ஷிப்டு. அப்பாவும் அம்மாவும் பிரிந்த பிறகு என்னை வளர்த்தது அம்மாயிதான். போன வருடம் 86 வயதில், பின்னிரவு 1.20 மணிக்கு வீட்டிலேயே தவறிவிட்டார். இப்போது தலைத்திவசம் வருகிறது. மாமா இருவரும், வேலை இருக்கிறது, கோயிலில் ஓர் அர்ச்சனை போட்டால் போதும் என்கிறார்கள். நான் செய்கிறேன் என்றால், மகள் வயிற்றுப் பேத்தி திதி கொடுக்கக் கூடாது என்று பெரியத்தை சண்டைக்கு வருகிறார். எனக்கு ஆங்கிலத் தேதி தெரியும், திதி தெரியாது. குடியிருப்பது 17ஆவது மாடி, காக்கைக்குச் சோறு வைக்கவும் இடமில்லை. அம்மாயி எனக்குச் செய்ததற்கு நான் இதையாவது சரியாகச் செய்ய வேண்டும் டீச்சர்.
– பிறை வாசகி

பதில்: செய்யலாம் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம். பெரியத்தையின் சொல் மனசில் முள்ளாக இருக்கும், அதனால் அதை முதலில் எடுத்துவிடுகிறேன்.

எள்ளும் நீரும் இறைத்துத் தர்ப்பணம் செய்வதும் பிண்டம் வைப்பதும் மகனுடைய கடமை என்பது நம் வழக்கம். மகன் இல்லாத இடத்தில் மகள் வயிற்றுப் பேரனுக்குச் சாத்திரமே இடம் கொடுக்கிறது. உங்கள் மாமாக்கள் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ரொம்ப நல்லது. ஒருமுறை நேரில் போய்க் கூப்பிடுங்கள், போனில் வேண்டாம். வராமல் போனால் அதற்காக அம்மாயியின் நாள் விளக்கில்லாமல் கழிய வேண்டுமா? படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவது, சமைத்துப் படைப்பது, தேவாரம் பாடுவது, அவர் பேரில் நாலு பேருக்குச் சோறு போடுவது, கோயிலில் மோட்ச தீபம் ஏற்றுவது, இவை எதையும் பேத்தி செய்யக் கூடாது என்று தடுக்க யாருக்கும் உரிமையில்லை. தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், படையலை நடத்தி வந்ததே பெண்கள்தான். நான் கண்ணால் பார்த்து வளர்ந்தவள்.

அடுத்து, நாள். உயிர் பிரிந்த நேரத்தில் என்ன திதி இருந்ததோ அதுதான் கணக்கு. தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி, இந்த மூன்றும் கிடைத்தால் போதும். இதில் நம் ஊரில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கத்தில் இருப்பது இந்திய நேரம். மலேசியாவில் நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே ஒரு திதி காலை 6.10க்கு முடிகிறது என்று போட்டிருந்தால் நமக்கு 8.40. உங்கள் அம்மாயி தவறியது பின்னிரவு 1.20 என்கிறீர்கள். அந்த நேரத்தில் இந்தியாவில் முந்தைய நாள் இரவு 10.50. ஆகவே பஞ்சாங்கத்தில் முந்தைய நாளின் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். இது தெரியாமல் இரண்டு மூன்று தலைமுறையாக நாள் மாற்றிப் படைக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். மலேசிய நேரத்துக்குக் கணித்தது என்று நாட்காட்டியிலேயே போட்டிருந்தால் எதையும் கூட்ட வேண்டாம், கழிக்க வேண்டாம். இன்னொன்றையும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். 1982 ஜனவரி 1ஆம் தேதிதான் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு வருடங்களில் தவறியவர்களுக்கு இரண்டு மணி நேர வித்தியாசம் என்று கணக்குப் போடுங்கள். கணக்கு பிடிபடவில்லை என்றால் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு உங்கள் கோயில் குருக்களிடம் போங்கள், ஐந்து நிமிட வேலை.

உங்களுக்காவது தேதியும் நேரமும் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவருக்கு அதுவும் இல்லை.

என் அப்பாயி 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். வயது 17, கல்யாணமாகி மூன்று மாதம். தாத்தாவும் அவரும் பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவு நோய்த் தடுப்பு முகாமில் சில நாள் இருந்துவிட்டு, கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். இருட்டோடு எழுந்து, பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போவது, பால் வெட்டுவது, மங்கு மங்காக எடுத்து வாளியில் ஊற்றிக் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு வருவது, இதுதான் இருவருக்கும் வாழ்க்கை. 1940இல் என் அப்பா பிறந்தார். அடுத்த வருடக் கடைசியில் ஜப்பான்காரன் வந்தான்.

1943இல் சித்திரை கழிந்து சில நாளில் தாத்தாவைச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர், காட்டையும் மலையையும் வெட்டிப் போட்ட பாதை. அந்த அக்டோபரில் வேலை முடிந்தது. தாத்தா திரும்பவில்லை. யுத்தம் ஓய்ந்து ஊர் வந்தவர்களில் ஒருவர், காலராக் கொட்டகையில் பார்த்தேன் என்றார். இன்னொருவர், ஆற்றுக்கு அந்தக் கரையில் வேறொரு முகாமில் உயிரோடு பார்த்தேன் என்றார். அந்த இரண்டாவது வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அப்பாயி பொட்டோடு இருந்தார். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, என் அப்பாவுக்கு 18 வயது ஆகும்வரை.

அதன் பிறகு ஓர் ஆடி அமாவாசையன்று, யாரும் சொல்லாமலேயே, அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பட்டர்வொர்த் வந்து, ஃபெரியில் பினாங்குக்கு வந்தார். கப்பலில் வந்து இறங்கிய ஊர் இது, தாத்தாவோடு முதலில் கால் வைத்த மண் இது, அதனால் இங்கேதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அப்பா கடலில் முழுகி எள்ளும் நீரும் விட்டார். அப்புறம் ஈரத்துணியோடு குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தார்கள். 1833இலிருந்து கப்பலேறி வந்தவர்களின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மன் அவள். நாள் தெரியாதவர்களுக்கு ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகள் உண்டு, புரட்டாசியில் வரும் மாளய அமாவாசை எல்லாருக்கும் பொது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கு அது தெரிந்திருந்தது.

அன்று முதல் 1994இல் தான் கண் மூடும்வரை ஆடி அமாவாசையை அவர் விட்டதில்லை. 1971இல் எனக்கு 9 வயது, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அந்த வருடம் முதல்முறையாக என்னையும் ஃபெரியில் கூட்டிப்போனார். பலகையில் உட்கார்ந்ததும் மடியிலிருந்து ஒரு 555 நோட்டை எடுத்து நீட்டினார். உங்களுக்கும் தெரிந்திருக்கும், மளிகைக் கடையில் கடன் எழுதும் சின்ன நோட்டு. “ஒனக்கு எழுத்து வரும்ல, நான் சொல்லச் சொல்ல எழுது. எனக்கு ஞாபகம் போனா நீ படிச்சுக் காட்டணும்” என்றார்.

முதலில் தாத்தா பெயர். அப்பாயியின் அம்மா, அப்பா. அப்புறம் எனக்குத் தெரியாத பெயர்களாக வந்தன. கப்பலில் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தபோது தன் பங்குக் கஞ்சியைக் கொடுத்த ஒரு பெண். மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதுவும் இல்லாத நாளில், அப்பாயிக்குப் பால் வற்றிப்போய் அப்பா அழுதபோது, தன் பிள்ளையை இறக்கிவிட்டு அப்பாவைத் தூக்கிப் பால் கொடுத்த பக்கத்து லயத்து அம்மா. ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமாகிப் போனபோது, திருப்பித் தருவாரா மாட்டாரா என்று கேட்காமல் அரிசி அளந்த சீனக் கடைக்காரத் தவுக்கே. அவர் பெயரை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நான் விழித்தேன். அப்பாயி மூன்று முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடைசி வரியாக, “சயாமுல போனவங்க, பேரு தெரியாதவங்க” என்று எழுதச் சொன்னார்.

கோயிலில் விளக்கேற்றியதும் நான் வரிசையாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் அப்பாயி கைகூப்பி, “நல்லா இருக்கணும் தாயே” என்பார். செத்தவர்களைப் போய் நல்லா இருக்கணும் என்கிறாரே என்று நான் கேட்டதற்கு, அம்மன் கிட்டதானே இருக்காங்க, அவகிட்டதானே சொல்றேன் என்றார். அவருடைய சமயம் முழுவதும் அந்த வாக்கியத்துக்குள் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். நீத்தார் கடன் என்று நாம் சொல்கிறோமே, அதை அப்பாயி கடன் நோட்டிலேயே எழுதி வைத்தார். பெயர் தெரிந்த கடனை எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை ஒப்புக்கொண்டார்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், அம்மாயியின் முழுப் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய அம்மாவின் பெயர் தெரியுமா? தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார்கள். அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று போகும்போது இரண்டாவதிலேயே நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். தாத்தாக்களின் பெயர் அடையாள அட்டையில் அப்பா பெயராகவாவது தொடர்ந்து வந்தது. பாட்டிகளின் பெயர் அப்படி எங்கேயும் வரவில்லை. மாமாக்களை நேரில் போய்க் கூப்பிடச் சொன்னேனே, அப்போது பெரியத்தையையும் பாருங்கள், சண்டை போட்டவராகவே இருக்கட்டும். குடும்பத்தில் வயதானவர் அவர், அந்தப் பெயர்கள் அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படையலுக்கு என்ன வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சோறு, குழம்பு, வடை, பாயாசத்தோடு, அம்மாயி தினமும் விரும்பிச் சாப்பிட்டது எதுவோ அதை வையுங்கள். எங்கள் அப்பாயிக்கு நான் வைப்பது சர்க்கரை தூக்கலாகப் போட்ட கறுப்புக் கோப்பி, அதில் நனைத்துத் தின்ன நாலு கிரீம் கிரேக்கர், பக்கத்தில் வெற்றிலை பாக்கு. விடிகாலையில் பசியாற அவருக்கு அது போதும். பால் வெட்டுக்குப் போன காலத்திலிருந்து வந்த பழக்கம்.

காக்கைக்குப் பதினேழு மாடி ஒரு தடையே இல்லை. இறங்கி வந்து கீழே ஒரு மரத்தடியில் வாழை இலைத் துண்டில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். குப்பை சேராதபடி இலையை எடுத்துவிடுங்கள், காவலாளியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்த ஊர்க் காக்கையைப் பற்றி ஒன்று தெரியுமா? 1890களில் காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லை தாங்காமல் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்ட பறவை அது. தோட்ட வேலைக்கென்று கடல் தாண்டி வந்தது, நம் பாட்டிகளைப் போலவே. அது வந்து நம் கைச்சோற்றை எடுக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ஷிப்டு விஷயம். அன்று லீவு கிடைக்காவிட்டால் வேலைக்குப் போகுமுன் விளக்கேற்றிவிட்டு, அடுத்து வரும் அமாவாசையில் படையலை முழுமையாகச் செய்யுங்கள். உங்களை வளர்த்தவருக்கு வேலையின் அருமை தெரியாதா?

கேள்வி: டீச்சர், எங்கள் பாட்டி இறந்து பத்து வருடத்துக்குப் பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். சிவப்பு அடையாள அட்டை, நாலைந்து நூல் சேலை, ஒரு மஞ்சள் கயிறு, நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்குப் பத்திரம் ஒன்று. இறந்தவர் பொருள் வீட்டில் இருக்கக் கூடாது, கடலில் விட்டுவிடலாம் என்கிறார் மனைவி. எதை வைப்பது, எதை விடுவது?
– ஜெலுத்தோங் வாசகர்

பதில்: பங்குப் பத்திரத்தைக் கடலில் விட்டுவிடாதீர்கள் ஐயா! அது அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம். வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய், லயத்திலிருந்து சனங்களை வெளியேற்றிக்கொண்டிருந்த காலம் அது. பால் வெட்டுக்காரர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். உங்கள் பாட்டி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு அது. பத்திரம், இறப்புச் சான்றிதழ், உறவைக் காட்டும் பிறப்புப் பத்திரங்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சங்கத்தில் போய் வாரிசுக்கு மாற்றுவது பற்றிக் கேளுங்கள். பத்திரத்தில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு எழுத்துமாக இருக்கலாம். என் அப்பாயிக்கு மூன்று பத்திரத்தில் மூன்று விதமாகப் பெயர் இருந்தது, தோட்டத்துக் கிராணி காதில் விழுந்ததை எழுதியதன் பலன். அப்படி இருந்தால் இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியப் பிரமாணம் தேவைப்படலாம்.

தொகை பெரிதோ சிறிதோ, வாரிசுகள் உட்கார்ந்து பேசி, அவர் பேரில் ஒரு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகப் பை வாங்கிக் கொடுத்தாலும் பாட்டி மனம் குளிரும் என்பது என் எண்ணம்.

சிவப்பு அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். வாழ்நாள் முழுக்க இந்த மண்ணில் உழைத்தும் குடியுரிமை கிடைக்காமலே போன எத்தனையோ பேரில் அவரும் ஒருவர் என்று உங்கள் பேரப்பிள்ளைகள் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். பழைய காகிதங்களை லேமினேட் செய்ய வேண்டாம், சூடு பட்டால் கெட்டுவிடும், அப்புறம் பிரிக்கவும் முடியாது. படம் எடுத்து வைத்துக்கொண்டு, அசலைச் சுத்தமான உறையில் போட்டு ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

நூல் சேலை துவைத்துத் துவைத்துப் பூவாகியிருக்கும். வீட்டில் அடுத்து ஒரு குழந்தை பிறந்தால் தூளி கட்டுங்கள். மஞ்சள் கயிறு மட்டும் உங்கள் மனைவி சொல்கிறபடி நீரில் விடலாம், அதில் அவர் பேச்சு சரி. விடுமுன் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு விளக்கேற்றுங்கள். அவர் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன், அந்தப் பயத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

கேள்வி: வணக்கம் டீச்சர். எனக்கு வயது 13. என் பாட்டி எங்களோடுதான் இருக்கிறார். இப்போதெல்லாம் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார். சில நாள் என்னை யார் என்று கேட்கிறார். எனக்கு அழுகையாக வருகிறது. நான் என்ன செய்யலாம்?
– ஆயர் ஈத்தாம் மாணவன்

பதில்: தம்பி, முதலில் அம்மா அப்பாவிடம் சொல்லிப் பாட்டியை அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொல். வயதானவர்களுக்குச் சில நேரம் சிறுநீரில் கிருமி சேர்ந்தாலும் இப்படித் தடுமாற்றம் வரும், மருந்தில் சரியாகும். அது இல்லையென்றாலும் டாக்டர் வழி சொல்வார்.

அப்புறம் இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கு. பாட்டி தெளிவாக இருக்கும் நேரம் உனக்குத் தெரிந்திருக்கும், பெரும்பாலும் காலையாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அவர் சின்ன வயதுக் கதையைக் கேள். நேற்று சாப்பிட்டது மறந்திருக்கும், அறுபது வருடத்துக்கு முந்தையது இருக்கும். அவர் அம்மா பெயர், பிறந்த தோட்டம், கூட விளையாடியவர்கள் பெயர், எல்லாம் எழுது. நான் யார் தெரியுமா என்று மட்டும் சோதிக்காதே. தெரியவில்லை என்றால் அவருக்கும் வலிக்கும். நீயே உன் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார். உன்னை வேறு யாராகவாவது நினைத்துப் பேசினால் மறுத்துப் பேசாதே.

என் அப்பாயியும் கடைசி வருடம் அப்படித்தான் இருந்தார். ஒரு நாள் தலை வாரிக்கொண்டிருந்தேன். என்னை அந்தப் பக்கத்து லயத்து அம்மா என்று நினைத்துக்கொண்டு, ஒரு பெண் குழந்தையின் பெயரைச் சொல்லி, “புள்ள பால் குடிச்சுதாக்கா?” என்று கேட்டார். அப்படி ஒரு பெயரை நான் கேட்டதே இல்லை. குடிச்சுது, தூங்குது என்றேன். அப்பாயி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பாவிடம் போய்க் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பழைய தோட்டத்து ஆள் ஒருவரைத் தேடிப் போய் விசாரித்தோம். தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டுபோனபோது அப்பாயி கர்ப்பமாக இருந்திருக்கிறார். பிறந்த குழந்தை நாலு மாதம் இருந்திருக்கிறது. அம்பது வருடமாக அந்தப் பெயரை அப்பாயி யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு எழுதச் சொன்ன நோட்டிலும் இல்லை.

அப்பா அன்று இரவு 555 நோட்டைக் கேட்டு வாங்கி, தாத்தா பெயருக்குக் கீழே இருந்த கொஞ்சம் இடத்தில், நுணுக்கி நுணுக்கி, தன் தங்கையின் பெயரை எழுதினார்.